‘வா’ என்றால் வர வேண்டும்!

சிப்பிப்பாறையும் கன்னியும் வளரும் கரிசல் மண்ணில், வீட்டு நாயைச் சொல்லுக்குப் பழக்குவது எப்படி?

மாலை ஐந்தே கால் மணி. திருவேங்கடத்தில் தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வீடு திரும்பும் நேரம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெரு. வேப்பமரத்தடியில் கட்டிக் கிடக்கும் எட்டு மாதச் சிப்பிப்பாறை ஒன்று பின்பக்கமாக இழுத்து, கழுத்துப்பட்டைக்குள்ளிருந்து தலையை உருவிக்கொள்கிறது. அந்த வழியாகத் திரும்பும் ஆட்டுக்கிடையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி துள்ளியதுதான் தாமதம். நாய் பறந்துவிட்டது.

வீடே வாசலுக்கு வந்துவிடுகிறது. “ஏலே, புடி புடி!” என்கிறார் தாத்தா. “வீரா, வாய்யா தங்கம்” என்கிறார் ஆச்சி. “ஸ்டாப், ஸ்டாப்” என்று கத்துகிறான் கல்லூரிக்குப் போகும் மூத்தவன். தங்கச்சி கையைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள். அப்பா கையில் கம்பு. நாய் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்க்கிறது. எல்லோரும் துரத்தி விளையாட வருகிறார்கள் என்று அது முடிவு செய்ய இது போதும். மறுபடி ஓட்டம். மெயின் ரோட்டில் கோவில்பட்டி பஸ் கிறீச்சிட்டு நிற்கிறது. டிரைவர் திட்டுகிறார். மூச்சு வாங்கிக்கொண்டு நாய் தானாகவே அப்பாவிடம் வந்து நிற்கிறது. முதுகில் விழுகிறது கம்படி.

ஆட்டைத் துரத்தியதற்கான அடி என்று அப்பா நினைக்கிறார். நாய்க்குப் புரிந்தது வேறு: இவர் பக்கத்தில் வந்தால் வலிக்கும். அடுத்த தடவை அவிழ்த்துக்கொண்டால் அது வராது.

கரிசல் காட்டு ஊர்களில் நாய் வளர்க்கும் யாருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை. நாய் வாங்க அலைகிறோம், நிறம் பார்க்கிறோம், கால் நீளம் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். வாங்கி வந்தபின் அதற்கு ஐந்து சொற்களைச் சொல்லிக் கொடுக்க மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை. அந்த ஐந்து சொற்கள் நாயின் உயிரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் காப்பாற்றக்கூடியவை.

பயம் பரவும் காலம்

நாட்டில் 2024-ம் ஆண்டில் மட்டும் சுமார் 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு சுமார் 4.8 லட்சம். இதில் தெருநாய்தான் பேச்சாக இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் குறித்து இரண்டு மாறுபட்ட உத்தரவுகளைப் பிறப்பித்தது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. அன்றிலிருந்து டீக்கடை பெஞ்சு வரைக்கும் இதே விவாதம்தான்.

வீட்டு நாயும் இந்தப் பயத்துக்குத் தப்பவில்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர்மீது வழக்கு, கைது. அதன்பிறகு சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கான உரிமம், மைக்ரோசிப், கழுத்துக் கயிறு ஆகியவற்றில் கெடுபிடி காட்டத் தொடங்கியது. திருவேங்கடம் போன்ற பேரூராட்சிகளில் அந்த அளவு கெடுபிடி இன்னும் வரவில்லை. ஆனால் சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். வளர்ப்பு விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம்.

ஊரில் நாய்மீது பயம் கூடும்போது, சொன்னால் உட்காரும் நாய்க்கும் பாய்ந்து வரும் நாய்க்கும் கிடைக்கும் வாழ்க்கை ஒன்றாக இருக்காது. முதலாவது வீட்டுக்குள் இருக்கும். இரண்டாவது சங்கிலியில் கிடக்கும். அதுவும் முடியாவிட்டால், ஒருநாள் இரவில் பைபாஸ் ஓரம் இறக்கிவிடப்படும்.

வேட்டை நாய்க்கு எதுக்குப் பாடம்?

சிப்பிப்பாறை கிராமம் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ராஜபாளையமும் பக்கம்தான். ஆகவே சங்கரன்கோவில், திருவேங்கடம் வட்டாரத்தில் நாட்டு நாய் என்பது ஊர்ப் பெருமை. 2020 ஆகஸ்ட் 30 அன்று ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு இந்தக் குட்டிகளுக்குக் கிராக்கி கூடியது. நகரத்து அடுக்குமாடிகளுக்கும் போகத் தொடங்கின.

“வேட்டை நாய்க்கு எதுக்குப் பாடம்? அது ரத்தத்துலேயே இருக்கு” என்பது இங்கே வழக்கமான பேச்சு. ரத்தத்தில் இருப்பது ஓட்டமும் துரத்தலும். சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி வேட்டையாடும் இனங்கள். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், கால் கிளம்பிவிடும். முயலைத் துரத்திப் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த குணம் அது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம். வேலை போய்விட்டது, வேகம் மட்டும் உடம்பில் நிற்கிறது. காலையும் மாலையும் ஓட விடாமல் முழங்கால் நீளச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப் போட்டால், அந்த வேகம் குரைப்பாகவும் கடியாகவும் மண்ணைத் தோண்டுவதாகவும் வெளியே வரும்.

நியாயமற்ற நேரத்துக்கு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கைக் கட்டிவைப்பது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-ம் பிரிவின்படி குற்றம். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் குற்றம். நாட்டு நாயைப் பெருமையாக வளர்க்கிற நம் ஊரில் இந்த இரண்டாவது வரி பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

நாட்டு நாய் பாடம் ஏற்காது என்ற பேச்சுக்குப் பதில் எல்லைப் பாதுகாப்புப் படையிடம் இருக்கிறது. கர்நாடகத்தின் முதோல் இனமும் சிப்பிப்பாறையைப் போலப் பார்வை வேட்டை நாய்தான். அந்த இனத்தைச் சேர்ந்த ரியா என்ற நாய், லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல்துறைப் பணித்திறன் போட்டியில் வெளிநாட்டு இன நாய்களைத் தோற்கடித்தது. குவாலியர் அருகே தேக்கன்பூரில் உள்ள பயிற்சி மையத்தில் இந்திய இனங்களுக்கு இப்போது முறையாகப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

■ பெட்டிச் செய்தி: மண்ணின் நாய்கள்

சிப்பிப்பாறை: ஒடுங்கிய இடுப்பு, ஆழமான நெஞ்சு, நீண்ட முகம். செவலை, சாம்பல், மயிலை எனப் பல நிறம்.

கன்னி: சிப்பிப்பாறைக்கு நெருங்கிய உறவு. கறுப்பு உடம்பு, கால்களிலும் முகத்திலும் செம்பழுப்பு. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த நாய் என்று சொல்வார்கள்.

ராஜபாளையம்: பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. காவலுக்குப் பேர்போனது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று இதற்குரியது.

கோம்பை: தேனி மாவட்டம். செம்பழுப்பு நிறம், கறுத்த முகவாய், கட்டுடல்.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் முறைப்படி பதிவு செய்த முதல் நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் உண்டு.

முதல் பாடம் வீட்டாருக்கு

நாய்க்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஒரு ஓசை, அதைத் தொடர்ந்து நடக்கும் ஒரு விஷயம், இந்த இரண்டையும் முடிச்சுப் போடத்தான் அதற்குத் தெரியும். ஆச்சி “உக்காரு” என்று சொல்லி, பேரன் “சிட்” என்று சொல்லி, அப்பா “ஏய், கீழ இரு” என்று சொன்னால் மூன்றும் மூன்று ஓசை. எனவே குட்டியைத் தொடுவதற்கு முன்னால் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து சொற்களை முடிவு செய்ய வேண்டும். ‘உட்காரு’, ‘படு’, ‘இரு’, ‘விடு’, ‘வா’. இந்த ஐந்து போதும். தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ‘இரு’ என்பதை அசையாமல் காத்திருக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். “கொஞ்சம் இருடா, வாரேன்” என்று நாள் முழுக்க அதே சொல்லைக் காற்றில் விட்டால், அது நாய்க்கு வெறும் சத்தமாகிவிடும்.

ஆறாவதாக ஒரு சொல் வேண்டும். அது பாராட்டு. ‘சபாஷ்’ நல்ல சொல். நாய் சரியாகச் செய்த அதே நொடியில் அது காதில் விழ வேண்டும். 2016-ல் ஹங்கேரியில் ஆட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர், விழித்திருக்கும் நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையைப் படம் பிடித்தார்கள். பாராட்டுச் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தபோதுதான் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி உயிர்பெற்றது. உப்புச்சப்பில்லாமல் சொன்ன சபாஷுக்கும், குழைந்து சொன்ன அர்த்தமில்லாத சொல்லுக்கும் அந்த விளைவு இல்லை. ஆகவே மனசார, குரல் மலரச் சொல்லுங்கள். தெருவில் யாராவது பார்ப்பார்கள் என்று கூச்சப்பட வேண்டாம்.

வயதும் முக்கியம். பிறந்து மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் எதையும் பயமில்லாமல் ஏற்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் நீண்ட ஆய்வுக்குப் பின் 1965-ல் விரிவாக எழுதியது இது. அந்த வாரங்களில் சைக்கிள், குடை, மிக்ஸி சத்தம், பள்ளிப் பிள்ளைகள், ஆடு, கோழி எல்லாம் குட்டியின் கண்ணிலும் காதிலும் பட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. சந்தையில் கண் திறந்த கையோடு விற்கிறவர்களிடம் வாங்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

கையில் ஒரு துண்டு கோழி

‘உட்காரு’ கற்பிப்பதைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். காலையில் சோறு வைப்பதற்கு முன், குட்டி பசியோடு இருக்கும்போது தொடங்க வேண்டும். தொந்தரவில்லாத மூலை, ஆள் ஒருவர். அவித்த கோழியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, குட்டியின் மூக்குக்கு நேரே கொண்டுபோங்கள். மூக்கு ஒட்டிக்கொண்டதும், கையை மெதுவாக மேலே தூக்கித் தலைக்குப் பின்னால் நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போகப் பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். தரையில் பட்ட நொடியில் ‘சபாஷ்’, உடனே துண்டு வாயில். கையை ரொம்ப உயர்த்தினால் குட்டி எம்பிக் குதிக்கும். இடுப்பை அமுக்கி உட்கார வைக்கக் கூடாது. அமுக்கினால் எதிர்த்து நிற்கத்தான் அது கற்றுக்கொள்ளும்.

ஏழெட்டு தடவை இப்படி உட்கார்ந்த பிறகுதான் ‘உட்காரு’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சொல் முதலில், கை அசைவு பிறகு. ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். “உக்காரு, உக்காரு, உக்காருல” என்று மூன்று தடவை சொன்னால், மூன்றாவது சொல்லுக்குத்தான் உட்கார வேண்டும் என்று அது படித்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது. குட்டி இன்னும் ஆசையாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். நாளைக்கு மூன்று வேளை போதும்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்போர் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். தொடைச் சதை இறுகி, உடம்பில் கொழுப்பே இல்லாத இந்த இனங்களுக்குச் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் உட்காருவது சுகமில்லாத காரியம். உட்கார்ந்த மாதிரி பாவனை செய்து எழுந்துவிடும். அதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிக்கிறார்கள். பழைய சாக்கு ஒன்றை விரித்துப் பாருங்கள். அப்படியும் தயங்கினால் ‘உட்காரு’வை விட்டுவிட்டுப் ‘படு’ பழக்குங்கள். துண்டை மூக்கிலிருந்து நேராகக் கீழே இறக்கி, தரையோடு முன்னால் இழுத்தால் முன்னங்கால் நீட்டிப் படுத்துவிடும். ஓரிடத்தில் அமைதியாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது. எப்படி இருக்கிறது என்பதில் அதன் வசதியைப் பார்ப்போம்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் பதினோரு மணிக்குத் தார் ரோட்டில் பழக்கினால் உள்ளங்கால் வெந்துபோகும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் நாய்க்கும் பொறுக்காது.

■ பெட்டிச் செய்தி: எதைக் கொடுக்கலாம், எது விஷம்?

கொடுக்கலாம்: எலும்பில்லாத அவித்த கோழி, அவித்த முட்டை, பொரிகடலை, அவித்த பூசணித் துண்டு. தின்பண்டத்துக்கு ஏற்ப அன்றைய சோற்றைக் குறைக்க வேண்டும்.

கூடாது: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மிச்சம்மீதி சாம்பார் சோறு, பிரியாணி மசாலா, அவித்த கோழி எலும்பு, உப்பேறிய கருவாடு எதுவும் வேண்டாம்.

‘வா’: உயிர் காக்கும் சொல்

ஐந்து சொற்களில் ஒன்றைத்தான் கற்றுக் கொடுக்க முடியும் என்றால், ‘வா’வைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் பார்த்த வீட்டில் உடைந்துபோனது இந்தச் சொல்தான்.

பெரும்பாலான வீடுகளில் ‘வா’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? குளிப்பாட்டுகிறோம். ஊசி போடத் தூக்கிப் போகிறோம். விளையாட்டை நிறுத்திச் சங்கிலி மாட்டுகிறோம். செருப்பைக் கடித்ததற்கு அடிக்கிறோம். நாயின் கணக்கில் ‘வா’ என்றால் நல்லது எதுவும் இல்லை. பிறகு வரவில்லை என்று கோபப்படுகிறோம். குளிப்பாட்ட வேண்டுமா, நீங்கள் போய் அழைத்து வாருங்கள். ‘வா’வை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

பழக்கும் விதம் இது. முதல் வாரம் வீட்டுக்குள். ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஐந்தாறு அடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, பெயரைச் சொல்லி “வீரா, வா!” என்று ஒரே தடவை கூப்பிட வேண்டும். வந்ததும் பாராட்டு மழை, கோழித் துண்டு. உடனே மறுபடி விளையாட விட்டுவிட வேண்டும். வந்தால் விளையாட்டு முடிந்துபோகாது என்று அதற்குத் தெரிய வேண்டும். இரண்டாவது வாரம் முற்றத்தில். அதன்பிறகு களத்துமேட்டில், பத்து மீட்டர் நைலான் கயிறோடு. கயிறு தரையில் கிடக்கட்டும். நாய் இழுத்துக்கொண்டு போகும். கூப்பிட்டு வரவில்லை என்றால் கத்தக் கூடாது. கயிற்றை மிதித்து நிறுத்திவிட்டு, நீங்கள் எதிர்த்திசையில் ஓடுங்கள். துரத்துவது அதன் குணம். நீங்கள் ஓடினால் அது உங்களைத் துரத்தும். பிடித்ததும் பரிசு. ஆட்டைத் துரத்தும் அதே ஆசையை இப்படி உங்கள் பக்கம் திருப்பலாம்.

பத்துக்கு ஒன்பது தடவை வந்த பிறகுதான் தூரத்தைக் கூட்ட வேண்டும். தூரம் கூட்டும் நாளில் ஆடு, கோழி, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு சிரமம்தான். வெள்ளாடு மேயும் இடத்தில் பார்வை வேட்டை நாயைக் கயிறில்லாமல் அவிழ்த்துவிடுவது எவ்வளவு பழகிய நாய் என்றாலும் ஆபத்துதான். ஆடு வளர்ப்பவருக்கு ஒரு குட்டி போவது சின்ன நஷ்டமில்லை. அதற்குப்பின் அந்த நாய்க்கு விஷம் வைக்கப்படுவதும் நடக்கிறது.

இன்னொரு சிறு விஷயம். இந்த இனங்களுக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம். கடையில் வாங்கும் சாதாரணப் பட்டைக்குள்ளிருந்து பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொள்ளும். இழுக்கும்போது மட்டும் இறுகும் அகலப் பட்டை, அல்லது நெஞ்சோடு மாட்டும் பட்டை வாங்குங்கள். உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு போதும்.

அடி உதவுமா?

“அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்” என்று பிள்ளைகளுக்கே சொல்லி வளர்ந்த சமூகம் நம்முடையது. நாய் விஷயத்தில் இந்தப் பழமொழிக்கு அறிவியலின் ஆதரவு கிடையாது.

நாயை அடக்கித் தலைவன் யார் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம் மேலை நாடுகளிலும் நெடுநாள் கோலோச்சியது. சுவிட்சர்லாந்து விலங்குக்காட்சி சாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-ல் எழுதியது அதற்கு ஒரு வேர். காட்டு ஓநாய்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-ல் எழுதி அந்த எண்ணத்தைத் திருத்தினார். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், எல்லா நாய்க்கும் எல்லாப் பயிற்சிக்கும் பரிசு வழி முறையையே பரிந்துரைத்தது. அடி, ஷாக் பட்டை, கழுத்தை நெரிக்கும் சங்கிலி ஆகியவை பயத்தையும் மூர்க்கத்தையும் கூட்டும் என்பது அவர்கள் வாதம்.

“தப்பு செஞ்சுட்டு எப்படிக் குற்ற உணர்ச்சியோட பாக்குது பாருங்க” என்று சொல்வோமே, அதையும் சோதித்துவிட்டார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் நடத்திய ஆய்வில், நாய் தின்பண்டத்தைத் திருடியதோ இல்லையோ, எஜமானர் திட்டியபோதெல்லாம் அந்தப் பார்வை வந்தது. திருடாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாக இருந்தது. தலை கவிழ்ந்து, காது மடங்கி நிற்பது பயம். அரைமணி முன்பு கடித்த செருப்பை இப்போது மூக்கில் தேய்த்து அடித்தால், உங்களைக் கண்டு பயப்படுவதைத் தவிர வேறொன்றும் அது படிக்காது.

இதைவிட ஆபத்தான தண்டனை ஒன்று உண்டு. உறுமும் நாயை அடிப்பது. உறுமல் என்பது ‘எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ’ என்ற எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த தடவை எச்சரிக்கையே இருக்காது, நேராகக் கடிதான். “முன்னப்பின்ன தெரியாம திடீர்னு கடிச்சுருச்சு” என்று சொல்லப்படும் பல நாய்களுக்குப் பின்னால் அடித்து அடக்கிய உறுமல் இருக்கும். உறுமினால் பிள்ளையை நகர்த்துங்கள். எதற்காக உறுமியது என்று பாருங்கள். சோற்றுத் தட்டில் கை வைத்தார்களா, தூக்கத்தில் தொட்டார்களா, காதில் புண் இருக்கிறதா?

சோற்றுக்கும் எலும்புக்கும் உறுமும் பழக்கத்தைத் தடுக்க ‘விடு’ உதவும். மூடிய கைக்குள் ஒரு துண்டு. நாய் முகரும், நக்கும், பிறாண்டும். பேசாமல் இருங்கள். ஒரு கட்டத்தில் அது மூக்கைப் பின்னுக்கு இழுக்கும். அந்த நொடியில் ‘சபாஷ்’ சொல்லி, இன்னொரு கையிலிருந்து அதைவிட நல்ல துண்டு கொடுங்கள். விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று அதற்குப் பிடிபட்டதும் சொல்லைச் சேருங்கள். பிள்ளையின் பந்து, தெருவில் கிடக்கும் எலும்பு, விஷம் தடவிய இறைச்சி என எதுவானாலும் வாயிலிருந்து விழவைக்க இந்த ஒரு சொல் போதும்.

காது கேட்காத வெள்ளைக் குட்டி

ராஜபாளையம் வளர்ப்போருக்கு ஒரு தனிச் செய்தி. முழு வெள்ளை உடம்பு, ரோஜா மூக்கு என்று நாம் ஆசைப்பட்டுத் தேடும் அந்த அழகுக்குப் பின்னால் ஒரு விலை இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் தேவை. அவை இல்லாதபோது சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாகின்றன. “சொல் பேச்சே கேக்கமாட்டேங்குது” என்று ஒதுக்கப்படும் வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்கு உண்மையிலேயே காது கேட்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குட்டி தூங்கும்போது, தரை அதிராமல், காற்று படாமல், பின்னாலிருந்து ஒரு டம்ளரைக் கரண்டியால் தட்டுங்கள். காது அசையவில்லை என்றால் இன்னொரு நாள் இன்னொரு சத்தத்தில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திருநெல்வேலி அருகே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காது கேட்காத நாயும் எல்லாப் பாடமும் படிக்கும். சொல்லுக்குப் பதில் கை. உள்ளங்கை மேல்நோக்கி எழும்பினால் உட்காரு. விரித்த கை முகத்துக்கு நேரே வந்தால் இரு. கையை அகல விரித்து நெஞ்சுக்கு இழுத்தால் வா. ‘சபாஷு’க்குக் கட்டைவிரல். இருட்டில் டார்ச் வெளிச்சத்தை இரண்டு தடவை சிமிட்டிக் கூப்பிடப் பழக்கலாம். தூங்கும்போது திடீரென்று தொட்டால் மிரண்டு கடிக்கும். மூக்கருகே கையை வைத்து வாசனையால் எழுப்ப வேண்டும். காது நன்றாகக் கேட்கும் நாய்க்கும் கைச் சைகை சேர்த்தே கற்பியுங்கள். நாய்கள் நம் சொல்லைவிட உடலசைவைத்தான் சீக்கிரம் படிக்கின்றன. வயதாகிக் காது மந்தமாகும்போதும் அது கைகொடுக்கும்.

■ பெட்டிச் செய்தி: கடிபட்டால்

வளர்ப்பு நாய், தடுப்பூசி போட்டது என்று அலட்சியம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் தடவக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் கடிபட்ட நாளன்றும், 3, 7, 28-ம் நாட்களிலும் ஊசி. ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத மருந்தும் வேண்டும். குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல். நோய் அறிகுறி தென்பட்ட பிறகு ரேபிஸுக்குச் சிகிச்சை பலிப்பதில்லை.

காத்திருந்த கோவிவன்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாட்டு மந்தைச் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்து, எஜமானனுக்காகக் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. நாய்க்குப் பெயர் வைத்து, அதன் பணியைக் கல்லில் எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர். அந்த மதிப்பு இன்றைக்குக் குட்டியின் விலையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய நாயோடு தினம் பதினைந்து நிமிடம் செலவிடுவதில் அது தெரிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

“எங்க நாய்க்கு நாலு வயசாச்சு, இனிமே எங்க படிக்கும்?” என்று கேட்பவர்கள் நிறைய. படிக்கும். குட்டியைவிடக் கவனம் நிலைத்து நிற்பதால் சில பாடங்களை வேகமாகவே படிக்கும். ஆனால் அதன் பழைய கணக்கை முதலில் அழிக்க வேண்டும். ‘வா’ என்றால் அடி என்று பழகிய நாய்க்கு அந்தச் சொல்லையே மாற்றிவிடுங்கள். ‘ஓடி வா’ என்றோ, சீழ்க்கை ஒலி என்றோ புதிதாக ஒன்று. முதல் வாரம் எந்தக் கட்டளையும் வேண்டாம். காலையும் மாலையும் அரை மணி நேரம் கயிற்றில் நடக்க வையுங்கள். போகிற வழியில் அது முகர நினைக்கும் இடத்தில் நின்று முகர விடுங்கள். அவ்வப்போது அது தானாக உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அப்படிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கோழி கொடுங்கள். எட்டாம் நாள் சங்கிலியை அவிழ்த்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு, முற்றத்தில் குந்தி உட்கார்ந்து புதுச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.